ஒரே டிரம்மில் புகையும் போட்டு, கரியிலும் சுட்ட கதை

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் கரி மூட்ட முடியுமா? அதனால் அடுப்பு இருப்பது என் மச்சானின் தரைவீட்டுப் பின்பக்கம். செய்வது நான், சாப்பிடுவது அவர்.

சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம்மைப் படுக்கப் போட்டு, நீளவாக்கில் அறுத்து, மேல் பாதியை மூடியாக்கினேன். ரசாயனம் வந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அறுப்பதற்கு முன் அடைப்புகளைத் திறந்து நன்றாகக் கழுவிவிடுங்கள், உள்ளே ஆவி தங்கினால் வெடிக்கும். அப்புறம் விறகு போட்டு எரித்து உள்பூச்சைப் போக்கினேன்.

சிக்கல் இங்கேதான். கரியில் சுட நெருப்பு கறிக்கு நேர் கீழே வேண்டும், காற்றும் தாராளமாக வேண்டும். புகை போடும்போது நெருப்பு தள்ளி இருக்க வேண்டும், காற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் டிரம்மின் ஒரு பக்கத்தில் 4 மி.மீ. தகட்டில் நெருப்பு மூட்டச் சின்னப் பெட்டி ஒன்றை இணைத்தேன். புகைக்கு அந்தப் பெட்டி. சுடும் நாளில் பெட்டி வாயை அடைத்துவிட்டு, டிரம்முக்குள்ளேயே கரித் தட்டு.

முதல் நாள் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுத் தொடை. பெட்டிப் பக்கம் கருகிவிட்டது, புகைபோக்கிப் பக்கம் பச்சை. மூடியில் மாட்டிய வெப்பமானியோ 120 டிகிரி என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. கம்பி வலை மட்டத்தில் அளந்தால் ஒரு ஓரம் 160, மறு ஓரம் 90! சூடான காற்று உச்சிக்கு ஏறி, கறியைத் தொடாமலே புகைபோக்கி வழியே போயிருக்கிறது. புகைபோக்கியின் உள்வாயை வலை மட்டத்துக்கு இறக்கினேன். பெட்டி வாய்க்கு எதிரே ஒரு தகட்டைச் சாய்த்து வைத்தேன். வித்தியாசம் 15 டிகிரிக்குள் வந்துவிட்டது. மூடிக்குச் செலவழித்த காசை முதலிலேயே காற்று வழிக்குப் போட்டிருக்கலாம்.

துவாஸ் தம்பி:
அண்ணே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். துத்தநாகம் பூசிய தகடு, குழாய், வலை எதுவும் வேண்டாம். நான் வெல்டிங் வேலையில் இருக்கிறேன். ஒருமுறை பூச்சைச் சுரண்டாமல் வெல்டு வைத்து அந்த வெள்ளைப் புகையை இழுத்துவிட்டேன். அன்று ராத்திரி குளிர், காய்ச்சல், வாயெல்லாம் தகர ருசி. சமைக்கிற இடத்தில் அது எதற்கு?

பாசிர் ரிஸ் அக்கா:
எங்களுக்கு டிரம்மும் இல்லை, மச்சானும் இல்லை. பூங்காவில் பதிவு செய்த அடுப்புதான். கரியை ஒரு ஓரமாக ஒதுக்கி, மறு ஓரத்தில் கோழித் தொடையை வைத்து, மேலே அலுமினியத் தட்டைக் கவிழ்த்துவிடுவேன். முக்கால்வாசி வேலை முடிந்தது. கடைசியில் கரிக்கு நேர் மேலே இரண்டு நிமிடம், தோல் மொறுமொறுவென்று வரும்.

கரி பாக்காவ் கரிதான், நம் பக்கத்துச் சதுப்புநில மரம், நின்று எரியும். புகைக்கு ரம்புத்தான் கிளை. நம் ஊர் ஈரத்தில் அது காய்வதற்கு மாதக்கணக்கில் ஆனது. அவசரப்பட்டு ஈர விறகைப் போட்டால் வெள்ளையாகப் புகைந்து கறி கசக்கும். புகை மெல்லிசாக, நீலமாக வரும்வரை கறியை வைக்காதீர்கள் தம்பி.

ஈசூன்வாசி:
அந்தக் கசப்பையும் பார்த்தாயிற்று அக்கா! சென்ற வாரம் பெரிய மாட்டிறைச்சித் துண்டு, மாலை ஆறு மணிக்கு விருந்து என்று சொல்லியிருந்தேன். உள்சூடு 68 டிகிரியில் நின்றது நின்றதுதான், இரண்டு மணி நேரம் அசையவில்லை. கறியின் ஈரம் ஆவியாகிக்கொண்டே தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளுமாம். அந்த நேரம் பார்த்து மழை வேறு. டிரம் தகடு மெல்லிசு, அடித்த தண்ணீரில் சூடு இறங்கிவிட்டது. மச்சான் குடை பிடிக்க, நான் பெட்டிக்குள் கரி போட. ஒன்பதரை மணிக்குத்தான் கறியில் கத்தி வைத்தோம். பிள்ளைகள் அதற்குள் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.