‘மெஜஸ்டிக்கலி’க்கு இடத்திற்கேற்ற தமிழ்ச் சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றிச் சிறுவர்களுக்கான ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘மெஜஸ்டிக்கலி’ (majestically) என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று முறை வருகிறது. மேட்டர்ஹார்ன் சிகரம் 4,478 மீட்டர் உயரத்துக்கு அப்படி எழுந்து நிற்கிறது, ஏரியில் அன்னம் அப்படி நீந்துகிறது, கழுகு அப்படி வட்டமிடுகிறது.

சிகரத்துக்குக் ‘கம்பீரமாக’ என்று எழுதிவிட்டேன், அதில் எனக்குக் குறையில்லை. அன்னத்தில்தான் மூன்று நாட்களாகத் தவிக்கிறேன். ஆங்கிலச் சொல் லத்தீனில் ‘பெரிய’ என்னும் பொருள்தரும் வேரிலிருந்து வந்தது. ஆனால் அசையும் ஒன்றைப் பற்றி வரும்போது அவசரமின்மையையும் அது உணர்த்துகிறது. விரைந்து ஓடும் முயலுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. ‘கம்பீரமாக நீந்தியது’ என்றால் அந்த நிதானமும் மென்மையும் போய், மிடுக்கு மட்டும் மிஞ்சுகிறது. ‘பீடுநடை’ எவ்வளவு அழகான சொல்! ஆனால் அது ஏறுக்கும் யானைக்கும் உரியது, நீரில் மிதக்கும் பறவைக்கு ஒட்டவில்லை. ‘பெருமிதத்துடன்’ என்றாலோ அன்னத்தின் மனநிலையைச் சொன்னதாகிவிடுகிறது. எனக்கு வேண்டியது பார்ப்பவர் கண்ணில் படும் தோற்றம்.

‘ஒய்யாரமாக’ என்று எழுதலாமா, அல்லது அதில் சிங்காரம் கூடிவிடுகிறதா? கழுகுக்கு என்ன எழுதுவீர்கள்? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். தனிச் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக எழுதிக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.