முதல் முறை பிரஸ்பிடேரியன் ஆராதனைக்குப் போனபோது

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். தோழி ஒருத்தி கூப்பிட்டதால் ஒரு ஞாயிறு காலை அவளுடைய பிரஸ்பிடேரியன் சபைக்குப் போனேன். அது புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவுகளில் ஒன்று. வாசலைத் தாண்டியதும் கை தானாகவே தீர்த்தத் தொட்டியைத் தேடியது. இல்லை. உட்கார்ந்ததும் முழங்காலிடும் பலகையைக் காலால் துழாவினேன். அதுவும் இல்லை. சுரூபங்கள் இல்லை. பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண மேசை, பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி, எல்லோர் பார்வையும் படும்படி உயரத்தில் பிரசங்க மேடை. முதல் பத்து நிமிடம் மனதுக்குள் ஒரு வெறுமைதான்.

வாசலில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அன்றைய ஆராதனை முழுவதும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது. சில வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும், முடியாதவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம் என்று தோழி சொன்னாள். "இதை ஒரு பேச்சு மாதிரி பார். கடவுள் கூப்பிடுகிறார், நாம் பதில் சொல்கிறோம்" என்றாள். அதன் பிறகு எனக்கு வழி தெரிந்தது. வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனத்தை வாசித்து ஆராதனைக்கு அழைக்கிறார்கள், சபை பாடுகிறது. பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கிறார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம்.

அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாவசங்கீர்த்தனம் என்றால் எனக்குக் குருவானவர் முன் தனியாக முழங்காலிடுவதுதான் தெரியும். இங்கே முன்வரிசைப் பாட்டி முதல் மேடையில் நின்ற போதகர் வரை எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித் தலைகுனிந்து நின்றார்கள். மௌனம் முடிந்ததும் போதகர் வேதாகமத்திலிருந்து ஒரு மன்னிப்பின் வசனத்தை வாசித்தார். தன் பெயரால் எதையும் சொல்லவில்லை. எழுதியிருப்பதை அறிவித்தார், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று திருவிருந்து நாள், அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் நாள். சில சபைகளில் வாரந்தோறும் உண்டு, சில சபைகளில் மாதம் ஒரு முறை, சில இடங்களில் வருடத்துக்கு நான்கே முறை. யாரும் வரிசையாக முன்னே போகவில்லை. சபையை நடத்தும் பொறுப்பாளர்களான மூப்பர்கள் அப்பத் தட்டையும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டையும் இருக்கைக்கே கொண்டுவந்தார்கள். ஒருவர் வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்கிறார். யார் பங்கெடுக்கலாம் என்பதைப் போதகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்துவை நம்பி, ஏதோ ஒரு சபையில் அங்கமாக இருப்பவர்கள். சில சபைகளில் முதலில் மூப்பர்களோடு பேச வேண்டியிருக்கும். எனக்குத் தயக்கமாக இருந்தது. எடுக்காமல் தட்டைப் பக்கத்திலிருந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் லேசாகத் தலையசைத்து வாங்கிக்கொண்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் முறை போகிறவர்கள் இந்த ஒரு இடத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

*

நான் பெந்தெகொஸ்தே சபையிலிருந்து போனவன், அதனால் என் அனுபவம் நேர் எதிர். அமைதி எனக்குப் பாரமாக இருந்தது. கை உயர்த்தியவர்கள் மிகக் குறைவு, ஆவியில் நிறைந்து பேசும் அந்நிய பாஷை இல்லை. பிரசங்கத்தின் நடுவே நான் சத்தமாக "ஆமென்" சொன்னேன், வேறு குரலே வரவில்லை. ஆனால் வேதம் வாசிக்கும் முன்பே, புரிந்துகொள்ளும்படி பரிசுத்த ஆவியானவர் எங்கள் கண்களைத் திறக்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். அப்புறம் ஒரே அதிகாரத்தை அரை மணி நேரம் வசனம் வசனமாக விளக்கினார் போதகர். மடியில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் கூடவே வாசித்தார்கள்.

அன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். விசுவாசித்த பிறகே, அதுவும் முழுக்கு ஞானஸ்நானம்தான் என்று கற்றவன் நான். நெற்றியில் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து உள்ளுக்குள் முரண்டு பிடித்தேன். ஆபிரகாமுக்குக் கொடுத்த உடன்படிக்கை அவன் பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்ததுபோல, விசுவாசிகளின் பிள்ளைகளும் உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் போதனை. இன்றைக்கும் அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெற்றோர் வாக்குக் கொடுத்த பிறகு, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்போம் என்று மொத்தச் சபையும் வாக்குக் கொடுத்தது. அது என்னைத் தொட்டது.

*

நான் ஒரு பிரஸ்பிடேரியன் சபையில் மூப்பராக இருக்கிறேன். மேலே எழுதியவர்களுக்கு நன்றி. எங்கள் பெயரே மூப்பரைக் குறிக்கும் "பிரஸ்புடெரோஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் போதகரோடு சேர்ந்து சபையை நடத்துவார்கள். ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தவாதி கால்வினிடம் கற்றுக்கொண்டதை ஜான் நாக்ஸ் என்ற போதகர் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே 1560-ல் சீர்திருத்தம் வந்ததிலிருந்து இந்த மரபு வளர்ந்தது.

ஒரு சபையைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். கிட்டார், டிரம்ஸ் வைத்துப் பாடும் சபைகளும் உண்டு, இசைக்கருவியே இல்லாமல் சங்கீதங்களை மட்டும் பாடுகிற சபைகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் என்ற பிரஸ்பிடேரியன் சபை தன் ஆராதனையில் வேறு பாடல்களையும் இசைக்கருவிகளையும் அனுமதித்ததே 2010-ல்தான். ஆங்கில ஆராதனைக்குப் போனால் பரமண்டல ஜெபத்தில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். பல சபைகள் "குற்றங்கள்" என்ற பொருளில் சொல்லும் இடத்தில் நாங்கள் பெரும்பாலும் "கடன்கள்" என்போம். தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6:12 படித்தவர்களுக்கு அது பழகிய சொல்தான்.

காணிக்கைத் தட்டு வரும்போது விருந்தினர்கள் எதுவும் போட வேண்டியதில்லை, அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். குழந்தை அழுதால் பதற வேண்டாம். கடைசி ஆசீர்வாதம் வரை இருங்கள், முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், யாராவது பேச வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். பாட்டு எண் சொன்னதும் பக்கத்தை எடுத்து நீட்டலாமே என்று நானும் அங்கேயே உட்காருகிறேன்.