3 அடி மீன் தொட்டிக்கு எந்த பஃபர் (பயந்தா உப்பிக்கற மீன்)? கடையில "நன்னீர்"னு தர்ற பச்சைப் புள்ளி சரியா வருமா?

கேள்வி:
தொட்டி 36 x 18 x 18 அங்குலம். மணலும் மேல விட்ட இடைவெளியும் போக 160 லிட்டர் நிக்கும். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கற வடிகட்டி) ஓடுது. சைக்கிள் (மீன் கழிவைச் சிதைக்கற பாக்டீரியா ஃபில்டர்ல வளர்றது) முடிஞ்சு 2 மாசம், அம்மோனியா 0, நைட்ரைட் 0. போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற தாதுக்களோட அளவு) 600. உள்ள 10 கப்பி, 6 நியான் டெட்ரா. கடையில 3 செ.மீ. பஃபர் ஒண்ணு இருக்கு: முதுகு பச்சை, வட்டமா கறுப்புப் புள்ளி, வயிறு வெள்ளை. நல்ல தண்ணியிலயே வாழும்ங்கறாங்க. ஒண்ணு விடலாமா?

பதில் 1:
வேண்டாம் சார். அது கிரீன் ஸ்பாட்டட் (பச்சைப் புள்ளி) பஃபர். குட்டியில நல்ல தண்ணியைத் தாங்கும், அதை வச்சுத்தான் விக்கறாங்க. வளர வளர உப்பு கேக்கும், பெருசானா கிட்டத்தட்ட கடல் தண்ணி வேணும். நன்னீர்லயே விட்டா நிறம் மங்கி, நோய் பிடிச்சு, ஆயுசு குறையும். 15 செ.மீ. வரைக்கும் வளரும். உங்க கப்பிகள் அதுக்கு ஒரு வாரச் சாப்பாடு.

டிடிஎஸ் 600ன்னா உப்பு இருக்குன்னு நினைக்காதீங்க. அது லிட்டருக்கு 0.6 கிராம்தான்.

பதில் 2:
160 லிட்டருக்கு ரெண்டே வழிதான்.

உப்பு போட மனசிருந்தா ஃபிகர் எயிட் பஃபர். முதுகுல மஞ்சள் கோடு 8 மாதிரி வளைஞ்சிருக்கும், வால்கிட்ட வளையம் போட்ட கறுப்புப் பொட்டு. 8 செ.மீ.க்கு மேல போகாது. ஒண்ணே ஒண்ணு போதும். ஒப்படர்த்தி (நல்ல தண்ணியை 1ன்னு வச்சா உப்புத் தண்ணியோட அடர்த்தி) 1.005 வேணும்: லிட்டருக்கு 7 கிராம் மரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்குன்னு விக்கற உப்பு), உங்க தொட்டிக்கு சுமார் 1.1 கிலோ. கல்லுப்பு ஆகாது, அதுல கால்சியமும் கார்பனேட்டும் வராது. மொத்தமா கொட்டினா ஃபில்டர்ல இருக்கற பாக்டீரியா அடி வாங்கும். வாரத்துக்கு 0.002க்கு மேல ஏத்தாதீங்க. தண்ணி மாத்தறப்ப எடுத்த அளவு தண்ணிக்கு மட்டும் உப்பு. ஆவியாப் போனதுக்கு வெறும் தண்ணி ஊத்தணும். இங்கதான் நிறைய பேர் தவறி, உப்பு ஏறிக்கிட்டே போகும்.

உப்பு வேண்டாம்னா நம்ம பக்கத்து மீனே இருக்கு: மலபார் குள்ள பஃபர். கேரள ஆறுகள்ல இருந்து வர்றது, 3 செ.மீ. தான்.

கேள்வி கேட்டவர்:
குள்ள பஃபரே சரின்னு தோணுது. எத்தனை விடலாம்? கப்பியோட சேருமா? பெல்லட் (உருண்டைத் தீவனம்) தின்னுமா?

பதில் 2:
சேராது. கப்பி வாலை நாளுக்கு ஒரு துண்டா கடிச்சு எடுக்கும். அதுகளை வேற தொட்டிக்கு மாத்துங்க. 8 விடலாம்: 2 ஆண், 6 பெண். ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால சுருக்கம், வயித்து நடுவுல கருங்கோடு. ஆண் கூடிட்டா துரத்தல்தான். ஒண்ணை ஒண்ணு பார்க்காத அளவுக்குச் செடி அடர்த்தியா வேணும். கேனிஸ்டர் வேகத்தைக் குறைங்க, இதுக எதிர்நீச்சல் போடற ஜாதி இல்ல.

பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃப்ரோசன் பிளட்வார்ம் (உறைய வச்ச சிவப்புப் புழு), குட்டி நத்தைதான் தின்னும். நத்தை வளர்க்கத் தனியா ஒரு வாளி வைங்க, இல்லன்னா பத்தே நாள்ல தொட்டி நத்தை காலி.

பதில் 1:
வாங்கும்போது மேல இருந்து பாருங்க. வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெருசாத் தெரிஞ்சா எடுக்காதீங்க. ஆத்துல பிடிச்சு வர்றதுல குடல் புழு சகஜம், தின்னாலும் உடம்பு தேறாது. தொட்டியில பொரிச்ச குஞ்சு கிடைச்சா அதையே வாங்குங்க. ஆத்து மீன் எண்ணிக்கை ஏற்கெனவே குறையுது. எதுவானாலும் 3 வாரம் தனித் தொட்டி.

வலை போட்டுத் தூக்கச் சொல்லாதீங்க. பயந்து காத்தை உள்ள இழுத்து உப்பிட்டா, வெளிய விட முடியாம வயிறு மேல மிதக்கும். டம்ளரைத் தண்ணிக்குள்ள முக்கி, மீனோட சேர்த்து அள்ளிக் கவர்ல விடச் சொல்லுங்க.