இரண்டு சப்ளையர்கள் இருந்தும் உற்பத்தி நிற்பது ஏன்?

கேள்வி:
ஒரே பாகத்தை இரண்டு சப்ளையர்களிடம் வாங்கினால், ஒருவருடைய ஆலையில் தீப்பிடித்தாலும் மற்றவரை வைத்துச் சமாளித்துவிடலாம் என்பதே எங்கள் கொள்முதல் பிரிவின் நம்பிக்கை. ஆனால் 2012-இல் ஜெர்மனியில் ஒரு ரசாயன ஆலை வெடித்ததும் கார் நிறுவனங்கள் பலவும் கலங்கியதாகப் படித்தேன். அவர்களுக்கு மாற்று சப்ளையர்கள் இல்லாமலா போயிருப்பார்கள்?

பதில் 1:
அப்போது தட்டுப்பாடு வந்தது கார்களின் எரிபொருள், பிரேக் குழாய்களுக்கு. குழாய் செய்து கொடுக்கப் பலர் இருந்தார்கள். சிக்கல் அவர்கள் வாங்கும் மூலப்பொருளில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று மார்ல் நகரில் எவோனிக் நிறுவனத்தின் ஆலை வெடித்துத் தீப்பிடித்ததில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர். அங்கே தயாரான சிடிடி என்ற வேதிப்பொருளிலிருந்துதான், கார்களின் எரிபொருள் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் பயன்படும் நைலான்-12 உருவாகிறது. இந்த நைலானைத் தயாரிப்பவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களிலும் எவோனிக்கின் போட்டியாளர்கள் சிலர் மூலப்பொருளுக்கு அந்த ஆலையையே ஓரளவு நம்பியிருந்தார்கள். இரண்டு பேரிடம் குழாய் வாங்கியவருக்கும் ஊற்று ஒன்றுதான்.

பதில் 2:
மாற்றுப் பொருள் இல்லாமல் இல்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் நைலான் வகைகள் சந்தையில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் எரிபொருள் ஓடும் குழாய் என்பதால், வெப்பம், அதிர்வு, பெட்ரோலின் அரிப்பு என ஒவ்வொன்றுக்கும் சோதித்து ஒப்புதல் பெறாமல் பொருளை மாற்ற முடியாது. அந்த ஒப்புதலை விரைவுபடுத்துவதற்காகவே ஏப்ரல் மாதத்தில் டெட்ராய்ட் அருகே, ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான சுமார் 200 பேர் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். என் கணிப்பில், தட்டுப்பாட்டைவிட இந்தச் சோதனைக் காலமே பெரிய தலைவலி.

பதில் 3:
1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் ஆலை எரிந்ததையும் இதனோடு ஒப்பிட வேண்டும். பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வை டொயோட்டா ஏறத்தாழ முழுவதுமாக அங்கிருந்துதான் வாங்கியது. கையிருப்பும் மிகக் குறைவு என்பதால் சில நாட்களில் ஜப்பானிலிருந்த அதன் பெரும்பாலான அசெம்பிளி லைன்கள் நின்றன. ஆனால் ஐசின் கொடுத்த வரைபடங்களை வைத்து, தையல் மிஷினுக்குப் பெயர்போன பிரதர் உள்ளிட்ட பல நிறுவனங்கள் தங்கள் லேத்திலும் துளையிடும் இயந்திரங்களிலும் வால்வைக் கடைந்து கொடுத்ததால், ஒரு வாரம் போல ஆனதும் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. உலோகத்தைக் கடைய எத்தனையோ பட்டறைகள் கிடைக்கும். சிடிடி உலையை அப்படி எந்தப் பட்டறையிலும் அமைக்க முடியாது.

ஆகவே சப்ளையர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், இருவரும் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டுகளில் மூலப்பொருளின் கிரேடையும் தயாரிப்பாளர் பெயரையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால், எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று எழுத்துமூலமாகக் கேளுங்கள். பலர் சொல்லத் தயங்குவார்கள், விடாதீர்கள்.