நடக்கும்போது கேள்வி கேட்டால் தடுமாறுகிறான்: நடையையும் யோசனையையும் எப்படிச் சேர்ப்பது?

முத்துச்சரம்:
மகனுக்கு 8 வயசு. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா (பெருமூளை வாதத்தால முக்கியமா ரெண்டு காலும் விறைப்பா இருக்கிறது), அசைவுத் திறனை 1-லிருந்து 5 வரை பிரிக்கிற ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுல லெவல் 2. ரெண்டு காலுக்கும் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்குற பட்டை) போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள பிடிமானம் இல்லாம நடக்கிறான். பேச்சு மெதுவா வரும், கணக்கு நல்லா போடுவான். ஆனா நடக்கும்போது யாராவது ஏதாவது கேட்டா நின்னுடறான், இல்லைன்னா முட்டி மடங்கித் தடுமாறுறான். நடந்துக்கிட்டே வாய்ப்பாடு சொல்ல வைங்கன்னு தெரபியில சொல்றாங்க. சொல்ல வச்சா நடையும் போகுது, வாய்ப்பாடும் போகுது. எங்க ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்?

கோவை பிசியோ:
வாய்ப்பாட்டில் ஆரம்பித்ததுதான் சிக்கல். இந்தப் பிள்ளைகளுக்கு நடை தானாக ஓடாது, அடிக்கு அடி கவனம் செலவாகும். பெருக்கலும் அதே கவனத்தைத்தான் கேட்கிறது. பேச்சு மெதுவாக வரும் பிள்ளைக்கு வாய்விட்டுப் பதில் சொல்வதே மூன்றாவது வேலை.

முதலில் நடையோடு ஒட்டிய யோசனையைக் கொடுங்கள். கலர் சாக்பீஸால் தரையில் ஆறு கட்டம் போடுங்கள். ஷூவோடு பாதம் தாராளமாக அடங்க 30 செ.மீ. அகலம், நடுவில் இருந்து நடுவுக்கு அவனுடைய வழக்கமான அடி நீளம். பாண்டி மாதிரிதான், ஆனால் நொண்டி வேண்டாம். கட்டத்துக்கு ஒரு கால். பச்சையில் நிற்காமல் போக வேண்டும், சிவப்பில் நின்று மூன்று எண்ண வேண்டும். பிசகாமல் வந்ததும் விதியை மாற்றிப் போடுங்கள்: சிவப்பில் போ, பச்சையில் நில். பழகிய விதியை அடக்கிக்கொண்டு புதியதைச் செய்வது நல்ல மூளை வேலை. காலும் அதற்கேற்ப நின்று எடை தாங்கியாக வேண்டும்.

அடுத்தது நடையோடு ஒட்டாத யோசனை. தொடங்கும் இடத்தில் இரண்டு படம் காட்டுங்கள். 6 மீட்டர் நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, அங்கிருக்கும் அட்டைகளில் அதே இரண்டையும் எடுக்கட்டும். வாய் திறக்க வேண்டியதில்லை. பிறகு மூன்று படம், நான்கு படம். எண்களைப் பின்னோக்கிச் சொல்வதும் வாய்ப்பாடும் கடைசி. ஒரு நாளில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள்: படம் கூடினால் தரை சமமாகவே இருக்கட்டும்.

அளந்து பார்க்க போன் ஸ்டாப்வாட்ச் போதும். சும்மா 6 மீட்டர் நடக்க 10 வினாடி, படத்தோடு 13 வினாடி என்றால் யோசனைக்காக நடை கொடுக்கும் விலை 30 சதவீதக் கூடுதல் நேரம். அதற்கு மேல் போனால் யோசனையை ஒரு படி இறக்குவது என் வழக்கம். உட்கார்ந்த நிலையில் எத்தனை படம் நினைவிருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். சில பிள்ளைகள் நடையைக் காப்பாற்றப் பதிலை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்று தோன்றும்.

முட்டி வர வர மடங்குவது, தொடைகள் கத்தரி போலக் குறுக்கே வருவது, கை முஷ்டியாவது, மூச்சை அடக்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் கேள்வியை நிறுத்துங்கள், நடை தொடரட்டும். திரும்பும் இடத்தில் கேள்வியே கூடாது, அங்கே தடுமாறி விழுவது எளிது. ஏ.எஃப்.ஓ.வை ஷூ இல்லாமல் டைல்ஸ் தரையில் போட்டு நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

அரைமணி பயிற்சியில் இதற்குப் பத்து நிமிடம் போதும். தசை நீட்டலும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் முடிந்த பிறகு, களைப்பதற்கு முன்னால் வையுங்கள்.

சிறப்பாசிரியை:
ஒன்று சேர்க்கிறேன். கேட்டுவிட்டுப் பத்து வினாடி வாயை மூடிக்கொள்ளுங்கள், அம்மா. பிள்ளை பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாம் கேள்வியைத் திருப்பிச் சொன்னால் அவன் முதலில் இருந்து தேட வேண்டும். "காலைப் பாரு, நேரா நில்லு" என்று நடுவில் சொல்வதும் இன்னொரு வேலை கொடுப்பதுதான். பலமாகக் கை தட்டாதீர்கள், திடுக்கிட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும்.

பேச்சு எப்போதும் நடைக்கு எதிரி இல்லை. 1940களில் புடாபெஸ்டில் ஆந்த்ராஷ் பெத்தோ உருவாக்கிய முறையில் பிள்ளையே செய்யப்போவதைச் சொல்லி, தாளத்தோடு எண்ணிக்கொண்டே செய்யும்: "நான் எழுந்திருக்கிறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு…" இங்கே சொல் அசைவை இழுத்துச் செல்கிறது. புது அசைவு பழகும்போது இதை வையுங்கள். சொல்லாமலே செய்ய வந்த பிறகுதான் வேறு யோசனைக்கு இடம் இருக்கும்.

கார்த்திகைப்பூ:
என் பொண்ணு லெவல் 4, வீல்சேர்தான். இதெல்லாம் அவளுக்குப் பொருந்துமா?

கோவை பிசியோ:
பொருந்தும், உட்கார்ந்தே செய்யலாம். இடுப்பும் முட்டியும் 90 டிகிரி, பாதம் தொங்காமல் பலகையில், மேசை முழங்கை உயரத்தில். இரண்டு படத்தைக் கை எட்டுவதற்குச் சற்று அப்பால் இடமும் வலமும் வையுங்கள். "பறப்பது எது?" என்றால் அந்தப் பக்கம் சாய்ந்து தொடட்டும். கை வராவிட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பதே பதில், அதுவும் அசைவுதான். பார்வைக் குறை இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் தெரியாததை யோசிக்கத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வோம்.

புதுப் பாடம் என்றால் பெல்ட் போட்டு முழு ஆதரவு. பெல்ட்டைத் தளர்த்தி உடல் சமநிலை பழக்கும் நாளில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகள்தான்.

முத்துச்சரம்:
வகுப்பறையில யாராவது கூப்பிட்டா என்ன பண்ணச் சொல்லட்டும்?

சிறப்பாசிரியை:
நின்று, பக்கத்து மேசையைப் பிடித்து, பிறகு பதில். நிற்பதைத் தவறாக எடுக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டுக் கூடத்தில் வந்தது பள்ளி வராந்தாவில் தானாக வராது. கட்ட விளையாட்டு சரியானதும் வகுப்பு தொடங்குமுன் அந்த வராந்தாவிலேயே, பையை மாட்டிக்கொண்டு பழக்குங்கள்.