அந்தப் ‘பத்தே சதவீதம்’ கதை இன்னும் எத்தனை நாளைக்கு?

கறார்கணக்கு:
தென்றல்வழி நேற்று எழுதியது: “வங்கதேசத்தின் கிராமின் வங்கி பத்தே சதவீத வட்டியில் நுண்கடன் கொடுத்து வறுமையை ஒழித்தது.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வறுமையை ஒழித்த கதை அப்புறம். பத்தா? 10,000 வாங்குகிறீர்கள். வாரம் 220 வீதம் 50 வாரம் கட்டுகிறீர்கள், மொத்தம் 11,000. பார்த்தால் பத்து மாதிரிதான் தெரியும். ஆனால் 25 வாரம் கட்டி முடித்தால் அசலில் பாக்கி 5,000தான். வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும் ஓடுகிறது. சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்களிடம் இருந்தது, அதற்கு ஆயிரம் வட்டி. இருபது ஐயா, இருபது!

தென்றல்வழி:
நான் சொன்னது ஃப்ளாட் வட்டி, கடைசிவரை முழு அசலுக்கும் போடுவது. குறையும் அசலுக்கு 20 என்று அந்த வங்கியே வெளிப்படையாகச் சொல்கிறது. என்னமோ புதையல் தோண்டிய மாதிரி குதிக்கிறீர்கள். ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னிய பெண்கள், மூங்கிலுக்குக் கடன் கொடுத்த வியாபாரிக்கே அவன் சொன்ன விலைக்கு விற்க வேண்டியிருந்தது. 1976-ல், பின்னாளில் அந்த வங்கியை நிறுவிய யூனுஸ் சொந்தப் பணம் 27 டாலரை 42 பேருக்குக் கொடுத்து அந்தப் பிடியை அறுத்தார். 2006-ல் நோபல் சும்மா வரவில்லை.

கறார்கணக்கு:
அது அமைதிக்கான நோபல். கணக்குக்கு இல்லை.

வழிப்போக்கன்:
வறுமை குறைந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? வருமானமா, சொத்தா? அதை முதலில் முடிவு செய்யலாமே.

அரைக்குடம்:
பொருளாதார நோபல்தான் வேணும்னா, 2019-ல் வாங்கின பானர்ஜியும் டுஃப்லோவும் ஹைதராபாத்தில் 104 குடிசைப் பகுதிகளை எடுத்து, பாதியில் மட்டும் முதல்ல கடன் கிளை திறக்கவைச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முன்னாடியே தொழில் வைச்சிருந்தவங்க கொஞ்சம் முதல் கூட்டினாங்க. குடும்பச் செலவு சராசரியில் ஏறலை, பிள்ளைங்க படிப்பிலும் பெரிய மாற்றம் இல்லை. பத்தோ இருபதோ, அதுவா இங்கே பிரச்சினை?

கறார்கணக்கு:
அதுதான் பிரச்சினை! பத்து என்று நம்பி வாங்கியவள் தொழிலில் இருபதுக்கு மேல் எடுத்தால்தான் ஏதாவது மிஞ்சும். குடம் வழக்கம்போல் தளும்புகிறது.

அரைக்குடம்:
தளும்பட்டும். போன மாசம் கூட்டுறவுச் சங்க இழையில் கேள்வி கேட்டதும் காணாமப் போனது யாரு?

கறார்கணக்கு:
வேலை இருந்தது.

தென்றல்வழி:
எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். மெக்சிகோவின் நுண்கடன் நிறுவனம் கொம்பார்த்தாமோஸ் 2007-ல் பங்குச் சந்தைக்குப் போனபோது முதலில் கண்டித்தவர்களில் யூனுஸும் ஒருவர். கிராமினில் பெரும்பங்கு கடன் வாங்கும் பெண்களுடையது. அவர் சொல்லும் சமூகத் தொழிலில் முதலீட்டாளருக்குப் போட்ட பணம் மட்டும் திரும்பும், லாபப் பங்கு கிடையாது. பிரெஞ்சு உணவு நிறுவனம் டனோனோடு சேர்ந்து வங்கதேசத்தின் பொக்ராவில் தயிர் ஆலை வைத்ததும் குழந்தைகளின் சத்துக் குறைவுக்காகத்தான்.

கறார்கணக்கு:
வட்டியைக் கேட்டால் தயிரைக் கடைகிறார்! ஆந்திராவை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரே பெண் நாலு நிறுவனத்தில் வாங்கினாள், ஒன்றை அடைக்க இன்னொன்று. தவணை தவறினால் குழுப் பெண்களே வாசலில் வந்து நிற்பார்கள், ஏனென்றால் அவள் கட்டாததை அவர்கள் கட்ட வேண்டும். 2010 அக்டோபரில் மாநில அரசு நுண்கடன் நிறுவனங்களுக்குக் கடிவாளமாக அவசரச் சட்டம் போட்டது, வசூல் படுத்துவிட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011-ல் வட்டிக்கு 24 சதவீதம் உச்சவரம்பு சொன்னது. 2022-ல் ரிசர்வ் வங்கி வரம்பையே எடுத்துவிட்டது. இத்தனை நடந்த பிறகும் ஒருவர் வந்து ‘பத்தே’ என்று எழுதுகிறார்.

தென்றல்வழி:
கந்துவட்டிக்காரன் ‘பத்து வட்டி’ என்றால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து. வருடத்துக்கு 120. அதோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

கறார்கணக்கு:
ஆக, உங்கள் பத்து தேவைக்கேற்ப இருபதும் ஆகும், நூற்றிருபதும் ஆகும். நல்ல பத்து!

வழிப்போக்கன்:
நான் கேட்டது…

தென்றல்வழி:
ஃப்ளாட் என்றுதான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கறார்கணக்கு:
எங்கே? உங்கள் வரியில் அந்தச் சொல்லே இல்லை. ‘பத்தே’ என்று ஏகாரம் மட்டும்தான் இருக்கிறது. தேற்றேகாரம்!

அரைக்குடம்:
அது பிரிநிலை ஏகாரம். இலக்கணத்திலாவது விடுங்க.

கறார்கணக்கு:
தேற்றம்தான். இல்லாததை உறுதியாகச் சொல்வது. நாளைக்கு 50 வாரத்துக்கும் வரிவரியாக அட்டவணை போடுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

அரைக்குடம்:
போடுங்க. கூட்டுறவு இழையிலும் ஒரு அட்டவணை பாக்கி நிக்குது.