சபையில பெண்கள் போதிக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஹெல்ப் வேணும்

ஸ்தோத்திரம். சிங்கப்பூர் ஈசூன்ல எங்க தமிழ் செல் குரூப்ல (வீட்டுல கூடுற சின்ன ஜெபக் குழு) இந்த வாரம் நான் பேசணும். போன மாசம் ஒரு அக்கா செய்தி குடுக்க எழுந்தப்போ ஒரு அங்கிள் 1 தீமோத்தேயு 2:12 (பெண் உபதேசம் பண்ணவும் ஆண்மேல அதிகாரம் செலுத்தவும் அனுமதி இல்லைங்கிற பவுலோட வசனம்) வாசிச்சு நிப்பாட்டிட்டாரு, அக்கா நாலா மடிச்ச பேப்பர பைபிளுக்குள்ள வச்சுட்டு உக்காந்துட்டாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல. அப்போஸ்தலர் 18:26ல ஆக்கில்லாவோட பிரிஸ்கில்லாளும் சேர்ந்துதானே அப்பொல்லோங்கிற பிரசங்கியாருக்கு விளக்குறாங்க? ரோமர் 16:1ல பெபேயாள்ங்கிற சகோதரிக்கு வர்ற கிரேக்க வார்த்தை டியாகோனோஸ், பிலிப்பியர் 1:1லயும் அதேதான், ஆனா நம்ம பைபிள்ல அங்க ஊழியக்காரி, இங்க உதவிக்காரர்னு இருக்கு. சி.எஸ்.ஐ.ல (தென்னிந்தியத் திருச்சபை) 2013லயே புஷ்பா லலிதா பிஷப் ஆயிட்டாங்க. அங்கிள் வசனத்துக்கு உண்மையா பயப்படுறவர், சண்டை வேணாம். 2:12ல "அதிகாரம்"ங்கிற இடத்துல வர்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டுல வேற எங்கயும் வரலயாம், அத எளிமையான தமிழ்ல எப்படி விளக்குறது? இறையியல் படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.